கெட்ட ஜாடியைப் பார்க்கும் கண்

ஸ்தமென்காவுக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கிறது என்று லெஸ்கொவாட்ஸ் ஊரில் சொல்வார்கள். அது பொய். மூக்கோடு நிற்கிற கோபமா அது? உள்ளங்காலில் ஆரம்பித்து உச்சந்தலைவரை நிரம்பி நிற்கும். அடி கருகிய ரொட்டியைக் கடைக்காரர் மேசைமேலேயே திருப்பி வைத்து, "இதை உங்க மாமியாருக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். துணி ஆலையை இழுத்து மூடிய அன்று, வருடக்கணக்காகத் தரம் பார்த்த கைக்கு நிர்வாகி ஒரு பூங்கொத்தை நீட்டினான். வாங்கி அவன் கார்க் கண்ணாடித் துடைப்பானில் செருகிவிட்டு நடந்தாள். கணவன் ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அதைப் பற்றி அவளிடம் கேட்க ஊரில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். காரணமில்லாமல் அவள் கோபப்பட்டதை யாரும் பார்த்ததில்லை. அவளுடைய கஷ்டமே அதுதான். உலகம் அவளுக்குக் காரணங்களை வாரி வாரிக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

ஆலை மூடிய பிறகு திஹோமிரின் அய்வார் என்ற மிளகாய்த் துவையல் தொழிற்சாலையில் தர அதிகாரியாகச் சேர்ந்தாள். சிவப்பு மிளகாயைச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, எண்ணெய் விட்டுக் கிளறி ஜாடியில் அடைக்கும் வேலை. ஆகஸ்டு கடைசியில் ஆரம்பித்தால் முதல் பனி விழும்வரை அங்கே யாருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. ஊர் முழுக்க மிளகாய் சுட்ட வாசனை. நல்ல தொழில்தான். ஒரே ஒரு இடத்தில் உயிர் விளையாட்டு. கொதிநீரில் கிடந்து வெளியே வந்து ஆறும்போது ஜாடியின் மூடி உள்பக்கம் இழுபட்டு, நடுவில் இருக்கும் சிறு குமிழ் அமுங்கவேண்டும். அமுங்கவில்லை என்றால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஜாடி சாப்பாடு இல்லை, விஷம்.

அவள் சேர்ந்த பிறகு ஒரு அக்டோபரில் அப்படி ஒரு ஜாடி வெளியே போய்விட்டது. நீஷ் நகரில் ஒரு குடும்பமே ஆஸ்பத்திரியில் கிடந்தது. பள்ளிக்கூடம் போகிற பெண் குழந்தை மட்டும் பல நாள் கண் திறக்கவில்லை. பிழைத்தாள், கடவுள் புண்ணியம். ஆனால் பழி ஒரு தலையில் விழவேண்டுமே? பெர்சா தலையில் விழுந்தது.

பெர்சா யார் என்றால், பெல்ட் ஓரத்தில் விளக்கடியில் உட்கார்ந்து, ஓடுகிற ஜாடிகளின் மூடியைப் பார்த்துக் கெட்டதைப் பொறுக்கி எடுப்பவள். அதிர்ந்து பேசமாட்டாள். இரண்டு பையன்கள். புருஷனுக்கு முதுகு போய்விட்டது. திஹோமிர் அவளுக்கு முதலாளி மட்டுமில்லை, கூம். கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர், மூத்த பையனுக்குப் பெயர் வைத்தவர். அந்தப் பக்கத்தில் கூம் என்றால் கூடப்பிறந்தவனுக்கும் மேல். அவருக்கு இவள் கூமா. கூம் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"பெர்சாவுக்குப் பார்வை மங்கிடுச்சு" என்று திஹோமிர் எல்லார் முன்னாலும் சொன்னார். சொன்னதோடு விட்டாரா? தன் காசில் அவளுக்கு ஒரு கண்ணாடி வாங்கி, தன் கையாலேயே அவள் மூக்கில் மாட்டிவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். என்ன பெருந்தன்மை! பெர்சா தலையைக் குனிந்து நன்றி சொன்னாள். அன்றிலிருந்து ரொட்டிக் கடையில்கூட அவளுக்குக் 'குருடி' என்று பெயர்.

ஸ்தமென்கா முதலாளியின் அறைக்கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"ஒரு பொம்பள, ஷிப்டு பூரா, பெல்ட்டு அந்த ஓட்டம் ஓடறப்ப, ஒவ்வொரு மூடியையும் பார்க்கணும். கழுகு வந்து உக்காந்தாலும் முடியாது. கண்ணைக் குத்தம் சொல்லாதீங்க. கேமரா வாங்குங்க."

"கேமரா என்ன, மிளகாயா? மூட்டையில வாங்க?" என்றார் திஹோமிர். பிறகு கொஞ்சம் இறங்கினார். "சரி. ஒரு தொகை ஒதுக்கறேன். அதுக்குள்ள வாங்கு. சீசனுக்கு முன்னாடி வந்து, கெட்டதைப் பிடிச்சுக் காட்டினா பெர்சா அங்கயே இருக்கட்டும். இல்லேன்னா அவ இடத்துக்கு வேற ஆள் பார்த்துடுவேன். கூமாவாச்சேன்னு இவ்வளவு நாள் பொறுத்தேன்."

அவர் ஒதுக்கிய தொகை சொற்பம். முதலில் வந்த விற்பனையாளன் காட்டிய கேமராவின் விலைக்கு ஒரு டிராக்டரும் அதை நிறுத்த ஒரு கொட்டகையும் வாங்கலாம். படத்தில் அது அழகாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் தனி, விளக்கு தனி, அதைப் பராமரிக்க வருடத்துக்கு ஒருமுறை வருகிற ஆள் தனி. அடுத்தவன் மலிவாக ஒன்று கொண்டுவந்தான். ஒளிக்கற்றையை வீசி மூடி இருக்கிறதா இல்லையா என்று சொல்லுமாம்.

"மூடி இருக்கறது எனக்கே தெரியும்யா. இறுகி இருக்கான்னு சொல்லுமா?"

"அது சொல்லாதுங்க."

"அப்ப அதை உன் வீட்டு ஊறுகாய்ப் பானைக்கு மாட்டு."

மூன்றாவதாக நோவி சாத் நகரிலிருந்து ரெல்யா என்ற ஒருவன் தொலைபேசியில் பேசினான். அவனிடம் இருந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. கேமரா, விளக்கு, யோசிக்கிற மூளை எல்லாம் அதற்குள்ளேயே. நல்ல ஜாடியைக் காட்டினால் மனதில் வைத்துக்கொள்ளும். மாறுதலாக ஒன்று வந்தால் காற்றை ஊதி ஓரத்துக்குத் தள்ளிவிடும். விலை திஹோமிரின் தொகைக்குள் அடங்கிக் கொஞ்சம் மிச்சமும் விழுந்தது.

"பேப்பர்ல எல்லாமே நல்லாத்தான் ஓடும்" என்றாள் ஸ்தமென்கா. "எங்க பெல்ட்டுல, எங்க ஆவியில, எங்க எண்ணெய்ப் பிசுக்குல ஓட்டிக் காட்டு. கெட்டதைப் பிடிச்சா வாங்கறேன்."

"வரேன் மேடம்" என்றான் அவன். மற்ற இருவரும் பெல்ட்டில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லவே இல்லை. அதனால் இவனை அவளுக்குக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

முதல் மிளகாய் லோடு இறங்கிய வாரம் ரெல்யா வந்தான். விருந்தாளி வருகிறான் என்றால் அந்த ஊரில் என்ன நடக்கும்? தரையைக் கழுவினார்கள். ஜன்னலைத் துடைத்தார்கள். பெண்கள் புது ஏப்ரன் கட்டிக்கொண்டார்கள். அவன் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கரண்டி பழப்பாகு, ஒரு தம்ளர் தண்ணீர், காபி, திஹோமிர் வீட்டில் காய்ச்சிய ரக்கியாச் சாராயம் எல்லாம் உள்ளே போனது. ஸ்தமென்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவன் பெர்சாவின் விளக்கைத் தாண்டி, பெல்ட்டுக்கு நேர்மேலே பெட்டியைப் பொருத்தினான். நல்ல ஜாடிகளைக் காட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. அன்று எதையும் பொறுக்காமல் விடும்படி பெர்சாவிடம் சொல்லிவிட்டுப் பெல்ட்டை ஓட்டினார்கள்.

ஜாடிகள் போய்க்கொண்டே இருந்தன. பச்சை, பச்சை, பச்சை. மதியம்வரை ஒரு சிவப்புகூட இல்லை.

திஹோமிருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா! நம்ம சரக்கு தங்கம்! கேமராவே சொல்லுது!" ஆள் அனுப்பிக் கரியில் சுட்ட இறைச்சி வரவழைத்தார். நீள மேசையில் வெங்காயமும் ரொட்டியும் பரப்பியாயிற்று. ரெல்யா கையெழுத்துக்குக் காகிதம் எடுத்தான்.

ஸ்தமென்கா உட்காரவில்லை.

"ஒரு காலைப்பொழுது பூரா ஓடி, எங்க லைன்ல ஒரு ஜாடி கூடக் கெட்டது வரலையா?"

"வராட்டி சந்தோஷப்படேன்மா" என்றார் திஹோமிர். "சந்தோஷப்படறதுக்கும் கோபம் வருமா உனக்கு?"

"எனக்குச் சந்தோஷம் வரலை மொதலாளி. சந்தேகம் வருது. சீசன் மொத வாரம். மூடி போடற மெஷின் இன்னும் சூடே ஏறலை. வருஷா வருஷம் இந்த வாரத்துலதான் அதிகமாக் கெட்டுப்போகும். எங்க போச்சு அதெல்லாம்?"

பெர்சா வெங்காயத்தைத் தட்டில் இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தாள். ஸ்தமென்கா அவளைப் பார்த்தாள், நேரே பெல்ட்டுக்குப் போனாள். பெர்சாவின் முக்காலிக்குப் பின்னால் ஒரு கம்பளிச் சட்டை பரத்திப் போட்டிருந்தது. ஆகஸ்டு மாதத்தில், மிளகாய் சுடுகிற கூடத்தில், கம்பளிச் சட்டை! அதை உருவி எறிந்தாள். கீழே ஒரு கூடை நிறையக் கெட்ட ஜாடிகள். எல்லா மூடியிலும் குமிழ் துருத்திக்கொண்டு நின்றது.

அப்புறம் அவள் போட்ட கூச்சலில் மேசையில் இருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள்.

"ஏண்டி! உனக்காகத்தானேடி இந்தக் கூத்தெல்லாம்! இது கெட்டதைப் பிடிச்சாத்தான் உனக்குச் சோறு! கெட்டதை ஒளிச்சு வெச்சா அது எதைடி பிடிக்கும், என் தலையையா?"

பெர்சாவின் முகத்தில் ஈயாடவில்லை. "வெளியூர்லேர்ந்து விருந்தாளி வந்திருக்கார் அக்கா. அவர் முன்னாடி நம்ம பெல்ட்டுல கெட்டது போனா நம்ம ஊருக்குத்தானே அசிங்கம்."

"நாங்களும்தான் எடுத்துக் குடுத்தோம்" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "வீட்டுக்கு ஆள் வந்தா அழுக்குத் துணியையா கொடியில காயப்போடுவாங்க?"

எந்த ஊரிலாவது நடக்குமா இது? கெட்ட ஜாடியைப் பிடிக்க வந்தவனிடமிருந்து கெட்ட ஜாடியை ஒளித்து வைப்பார்களா? இங்கே நடக்கும். ஸ்தமென்காவுக்குத் தன்மேலும் ஆத்திரம் வந்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், இது நடக்கும் என்று யோசித்திருக்கவேண்டாமா? கெட்ட ஜாடிகளைத் தானே எடுத்து வைத்துக் காட்டியிருக்கவேண்டியது. பெல்ட்டில் தானாக வரும் என்று இருந்துவிட்டாள்.

கூடையைத் தூக்கினாள். "ஓட்டுடா பெல்ட்டை."

ஒவ்வொன்றாக ஏற்றினாள். பச்சை. பச்சை. பச்சை. கூடையில் இருந்த அத்தனை விஷமும் கேமராவுக்குக் கீழே சிரித்துக்கொண்டு போனது.

ரெல்யாவின் காது சிவந்துவிட்டது. திஹோமிருக்கோ கோபம் கேமராமேல் இல்லை, ஸ்தமென்காமேல். "விருந்தாளியைச் சாப்பாட்டுல பாதியில எழுப்பிக் கொண்டுவந்து அவமானப்படுத்தறியே, உனக்கு இங்கிதம்னா என்னன்னு தெரியுமா?"

"நீஷ்ல அந்தப் பொண்ணை ஆஸ்பத்திரியில எழுப்ப முடியலையே, அது இங்கிதமா?"

ரெல்யா நல்லவன். வேறொருவனாக இருந்தால் பெட்டியைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பான். இவன் கோட்டைக் கழற்றி மேசைமேல் எறிந்துவிட்டுப் பெல்ட் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். பளபளக்கிற சிவப்பு மூடிமேல் கூரை விளக்கு விழுந்து வெள்ளையாக அடித்தது. அந்த வெளிச்சத்தில் குமிழ் எழுந்திருக்கிறதா அமுங்கியிருக்கிறதா என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"தப்பு என்னோடது மேடம். மேலேர்ந்து வெக்கக் கூடாது. வெளிச்சம் ஓரத்துலேர்ந்து, தாழ்வா வரணும். குமிழ் எழும்பினா நிழல் விழும். அந்த நிழலை இது பார்க்கும். இந்தக் கூடையைக் குடுங்க. கெட்டது எப்படி இருக்கும்னு காட்டாம நல்லதை மட்டும் காட்டினா எந்தக் கேமராவும் முட்டாள்தான். அந்த டிராக்டர் விலைக் கேமராவும் சேர்த்துத்தான்."

கூரை விளக்கை அட்டையால் மறைத்தார்கள். பெட்டியைச் சாய்த்து, விளக்கைத் தாழ்த்தி, நல்லதையும் கெட்டதையும் மாற்றி மாற்றிக் காட்டினான். மேசையில் இறைச்சி ஆறிப்போனது. மறுபடி பெல்ட் ஓடியது. முதல் கெட்ட ஜாடி வந்தது. சிவப்பு. புஸ் என்று காற்று அடித்து ஜாடி ஓரத்துக்குப் போய் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. கூடையைக் காலி செய்தார்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை. அதே மலிவுப் பெட்டிதான்.

பெண்கள் கைதட்டினார்கள். ஸ்தமென்காகூடக் கொஞ்சம் சிரித்தாள் என்று சொல்கிறார்கள்.

"பாத்தியாடி" என்றாள் பெர்சாவிடம், குரல் இறங்கி. "உன் வேலை பிழைச்சுது. இனிமே ஒளிச்சு வெக்காதே. கெட்டதை எடுத்தா மொறையாக் கூடையில போடு."

பெர்சா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "கூடையில போட்டா மட்டும் என்னக்கா ஆகுது."

சொன்ன உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கைதட்டல் நின்றது.

"என்ன ஆகுது?" என்றாள் ஸ்தமென்கா.

"ஒண்ணுமில்லக்கா."

"பெர்சா. என்ன ஆகுது?"

அவள் திஹோமிர் பக்கம் பார்த்தாள். திஹோமிர் ரக்கியாத் தம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெர்சா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். அதை அவள் வேலை நேரத்தில் எப்போதும் நெற்றிக்குமேல்தான் ஏற்றி வைத்திருப்பாள், போட்டால் ஜாடி மங்கலாகத் தெரியும். ஸ்தமென்கா அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். ஏன் என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

"சாயங்காலம் நீங்க கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போன அப்புறம், லாரி ரொம்பலைன்னா, கூடையில இருக்கறதை எடுத்து மூடியை அமுக்கி, கையால இறுக்கி, திரும்பப் பெட்டியில வெச்சிடுவாங்க. அமுக்கினா குமிழ் உள்ள போயிடும்க்கா. பார்த்தா நல்லது மாதிரியே இருக்கும். அந்த நீஷ் ஜாடியை நான் எடுத்தேன். மூடி ஓரத்துல ஒரு கீறல் இருந்தது, நல்லா ஞாபகம் இருக்கு. நான் எடுத்துக் கூடையில போட்டேன்."

"யாரு திரும்ப வெச்சது?"

பெர்சா பெயர் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. கூடத்தில் எல்லாக் கண்ணும் ஒரே ஆள்மேல் இருந்தது.

கிட்டத்தட்ட ஒரு வருடமாக! ஒரு வருடமாக இந்தப் பெண் ஊர் முழுக்கக் குருடி என்று பேர் வாங்கிக்கொண்டு, குருடாக்கினவன் வாங்கிக் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவனுக்கே நன்றி சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதற்கு? கூம் ஆயிற்றே! கூமைக் காட்டிக்கொடுத்தால் வீட்டில் விளக்கு எரியுமா, பிள்ளை உருப்படுமா என்ற பயம். ஸ்தமென்கா கூச்சல் போட வாயைத் திறந்தாள். கூச்சல் வரவில்லை. அவளுக்கு அப்படி ஆனதே இல்லை. வந்தது மெதுவான, கட்டையான குரல்தான்.

"மொதலாளி. நான் கேமரா தேடிக்கிட்டு இருந்தேன். ஆறு மாசம், மூணு பேர்கிட்ட, எது பார்க்கும் எது பார்க்காதுன்னு. நீங்க பார்த்துக்கிட்டே இருந்தீங்க."

"ஒரு நாலு ஜாடிம்மா..." என்று ஆரம்பித்தார் திஹோமிர். "லாரி நின்னுக்கிட்டிருந்தது. ஜெர்மனி ஆர்டர். ஒரு பெட்டி கொறைஞ்சா மொத்தத்தையும் திருப்பி அனுப்பறாங்க. எல்லா இடத்துலயும் நடக்கறதுதான்..."

"அந்தக் கேமரா வேணாம்" என்றாள் ஸ்தமென்கா.

ரெல்யா நிமிர்ந்து பார்த்தான்.

"உலகத்துல இருக்கற எந்தக் கேமராவும் வேணாம். அது தள்ளிவிட்டதை நீங்க பின்னாடி போய் எடுத்து வெப்பீங்க. நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? இன்னைக்கு சாயங்காலம் இங்கேர்ந்து ஒரு ஜாடிகூட என் கையெழுத்தோட போகாது. நாளைக்கும் போகாது."

அவள் கையெழுத்து இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது, அது சட்டம். முதல் லோடு மிளகாய் முற்றத்தில் மலைமலையாகக் கிடந்தது. திஹோமிரின் கழுத்து வியர்த்தது. அதைவிடப் பெரிய இக்கட்டு ஒன்று இருந்தது: விருந்தாளி நின்றுகொண்டிருக்கிறான், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. நோவி சாதுக்குப் போய் என்ன சொல்வான்? தனியாக இருந்தால் திஹோமிர் கத்தியிருப்பார், மிரட்டியிருப்பார், வெளியே போ என்றிருப்பார். விருந்தாளி முன்னால் வீட்டுக்காரன் கத்தக்கூடாது.

ரெல்யாதான் மெல்லத் தொண்டையைச் செருமினான். "தள்ளின ஜாடி போய் விழறதுக்கு இரும்புப் பெட்டி ஒண்ணு இருக்கு. கையாலயும் அதுக்குள்ள போட முடியும், எடுக்க முடியாது. பூட்டு போட்டுக்கலாம். நீங்க ஒதுக்கின தொகையில மிச்சம் இருக்கறதுக்கே வந்துடும்."

"வாங்கு!" என்றார் திஹோமிர் ஒரேயடியாக. சிரிக்கக்கூட முயன்றார். "வாங்குய்யா, ரெண்டு பூட்டாப் போடு! எனக்கென்ன ஆட்சேபனை? எங்க வீட்டுல ஒளிவு மறைவு கிடையாது!"

"சாவி ஒண்ணுதான் இருக்கணும்" என்றாள் ஸ்தமென்கா. "அது பெர்சாகிட்ட இருக்கும். என்கிட்ட இல்லை, உங்ககிட்ட இல்லை. கெட்டதைக் குழிதோண்டிப் புதைக்கறப்ப அவ தொறப்பா."

அப்படித்தான் எழுதிக் கையெழுத்தாயிற்று. ஆறிப்போன இறைச்சியை ஸ்தமென்கா நின்றபடியே தின்றாள். பெர்சா ஒரு வாய்கூட எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே முற்றத்தில் போய், குழாயடியில் முகத்தைக் கழுவிக் கழுவி வெகுநேரம் நின்றாள். ஸ்தமென்கா பின்னாலேயே போய், "ஏண்டி சொல்லலை, ஏண்டி என்கிட்டயாவது சொல்லலை" என்று திட்டிக்கொண்டே அவளுக்குத் துண்டு நீட்டினாள். மறுநாள் ஸ்தமென்கா ஊரில் இருக்கிற ஒவ்வொரு கடைக்கும் போய் 'குருடி' என்று சொன்ன வாயை எல்லாம் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தாள். ரொட்டிக் கடைக்காரர் இன்றும் அவளைக் கண்டால் உள்ளே போய்விடுகிறார்.

அக்டோபர் வந்தது. சீசன் உச்சத்தில் இருந்தது, பெல்ட் ஓயவில்லை. ஒரு சாயங்காலம் ஸ்தமென்கா வீட்டுக்குக் கிளம்பிக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, திஹோமிர் படியிறங்கிப் பெர்சாவின் முக்காலிப் பக்கம் போவதைப் பார்த்தாள். வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது. ஸ்தமென்கா கதவோரத்திலேயே நின்றுவிட்டாள். கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

"கூமா" என்றார் திஹோமிர், குரலில் தேன் தடவி. "ஒரு பெட்டி கொறையுது. டிரைவர் குதிக்கறான். அந்தச் சாவியை ஒரு நிமிஷம் குடேன்."

பெர்சாவின் கண் பெல்ட்டை விட்டு நகரவில்லை.

"கேக்குதா கூமா? உன் பையனைக் கையில ஏந்தினவன் நான். எனக்கு மாட்டேன்னு சொல்லுவியா?"

"சொல்லமாட்டேன் கூம்" என்றாள் பெர்சா. ஒரு ஜாடியை எடுத்து, பார்த்து, திரும்ப வைத்தாள். "தொறந்து தரேன். எடுத்துக்குங்க. ஆனா லாரிக்கு வேணாம். ஞாயித்துக்கிழமை பையனைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரேன். ஜாடியை நீங்களே தொறந்து, நீங்களே ரொட்டியில தடவி, உங்க கையாலயே அவனுக்கு ஊட்டுங்க. சரின்னா இப்பவே சாவி தரேன்."

திஹோமிர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனார். லாரி ஒரு பெட்டி குறைவாகவே கிளம்பிப் போனது.